லாட்ஜில் ஒரு குடித்தனம்

எங்கள் வீட்டுக் கதவின் உள்பக்கம் சட்டதிட்டம் எழுதியிருந்தது. அறையில் மது அருந்தக் கூடாது, விலை உயர்ந்த பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல, வெளியே செல்லும்போது மின்விசிறியை நிறுத்தவும், சூதாடக் கூடாது. அப்பா அதன் மேல் ஒன்றுக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நாளில் எழுத்துகள் மறுபடி தெரிய ஆரம்பித்தன. கடைசியில் அம்மா ஒரு பழைய சாமி காலண்டரை அதன் மேல் ஒட்டினாள். சாமியின் காலடியில் 'சூதாடக் கூடாது' மட்டும் மிச்சமாகத் தெரிந்தது. அது நல்ல விஷயம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்பா விட்டுவிட்டார்.

விருத்தாசலம் கடைவீதியில், கீழே பாத்திரக் கடையும் மருந்துக் கடையும் இருக்க, மேலே இரண்டு மாடிக்கு அந்தப் பழைய லாட்ஜ். ரயில் மாற வந்து இறங்கியவர்களும், கோர்ட்டு, பத்திர ஆபீஸ் என்று வந்தவர்களும் தங்கிப் போன இடம். இரண்டாயிரத்துக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கலர் டி.வி. வைத்த புது லாட்ஜுகள் வந்துவிட, இங்கே ஆள் குறைந்தது. ஓனர் யோசித்தார். அடுத்தடுத்த ரூம்களுக்கு நடுவில் இருந்த சுவரை உடைத்து, இரண்டு ரூமை ஒரு வீடாக்கி, குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார். அதை அவர் அபார்ட்மெண்ட் என்றார். ஊர் கடைசி வரைக்கும் லாட்ஜ் என்றே சொன்னது. நாங்கள் ஏழாம் நம்பரும் எட்டாம் நம்பரும்.

அப்பா ஊருக்கு வெளியே ஒரு பீங்கான் ஷெட்டில் சூப்பர்வைசர். அம்மாவும் அதே ஷெட்டில் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவாள். முன்பு நாங்கள் இருந்த வீட்டை, மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லி அதன் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார். அப்பாவின் சம்பளத்துக்கு உடனே கிடைத்தது இதுதான். நான் அப்போதுதான் பி.எஸ்சி. முடித்திருந்தேன். ஒரே பெண். அடுத்து பி.எட். படிக்க வேண்டும், டீச்சராக வேண்டும் என்று இருந்தேன். அப்பா அதற்கு மாட்டேன் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ரூமுக்கு ஒரு கக்கூஸோடு கூடிய பாத்ரூம் இருந்ததால், எங்கள் வீட்டுக்கு இரண்டு வந்து சேர்ந்தன. ஓனர் எட்டாம் நம்பருடையதை அப்படியே விட்டுவிட்டு, ஏழாம் நம்பருடையதைச் சமையலறையாக மாற்றினார். கோப்பையைப் பெயர்த்து எடுத்து, குழியை மூடி, சிமெண்ட் பூசி, அதன் மேல் கடப்பைக்கல்லில் ஒரு மேடை. அம்மா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். கோமியம் தெளித்தாள், மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினாள், ஐயரைக் கூப்பிட்டு ஹோமம் செய்தாள். அப்படியும் மனசு ஒப்பாமல், பால் காய்ச்சுவதை மட்டும் ஹாலில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வைத்துக்கொண்டாள். அப்புறம் பல நாள் சோறும் குழம்பும் ஹாலில்தான் வெந்தன. மண்ணெண்ணெய்ப் புகை தாங்காமல்தான் கடைசியில் உள்ளே போனாள். மழைக் காலத்தில் மேடைக்கு அடியிலிருந்து ஒரு வாடை கிளம்பும். அப்போதெல்லாம் அம்மா கூடுதலாகச் சாம்பிராணி போடுவாள். இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது அவள் எனக்குப் போட்ட உத்தரவு. அதே கட்டடத்தில் எல்லார் வீட்டு அடுப்பும் அதே மாதிரி இடத்தில்தான் எரிந்தது. ஆனால் மாடியில் சந்தித்துக்கொள்ளும் பெண்கள் ஒருவரை ஒருவர் சமையலறைக்குள் கூப்பிட்டதே இல்லை.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது வெளியே இருந்தது. லாட்ஜ் என்ற பெயர் எங்கள் ஊர் சூளையில் சுட்ட நீலப் பீங்கான் எழுத்துகளாக, எழுத்துக்கு ஒரு பாளம் என்று, முன்பக்க மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பதித்திருந்தது. எங்கள் ஊரில்தான் போர்டையும் பீங்கானில் செய்வார்கள். மற்ற ஊராக இருந்தால் தகரத்தைக் கழற்றி எடைக்குப் போட்டிருக்கலாம். எழுத்தைப் பெயர்த்தால் சுவரே வந்துவிடும் என்று ஓனர் கையை விரித்துவிட்டார். அப்பா அவரோடு சண்டை பிடிக்கத்தான் அவரையும் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். போனவர் குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது நல்ல மெருகு, நம் காலத்துக்கு அழியாது என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

போர்டு இருந்ததால் ஆட்கள் வந்தார்கள். பையும் கையுமாக ரயிலை விட்டு இறங்கி வருகிறவர்கள், வேப்பூரில் ரோட்டோரத்தில் லாரியை விட்டுவிட்டு வந்த டிரைவர்கள், குடித்துவிட்டு வருகிறவர்கள், கூட ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வருகிறவர்கள். கீழே இருந்த வரவேற்பு மேசையை எடுத்துவிட்டதால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நேரே படியேறி வந்து, கண்ணில் பட்ட கதவைத் தட்டுவார்கள். முதல் மாடியில் படிக்கு நேரே இருந்த கதவு எங்களுடையது. ஒருவர் டபுள் ரூம் கேட்டு வந்தார். அம்மா கரண்டியும் கையுமாக வெளியே வந்து, இது குடும்பம் இருக்கிற இடம் என்றாள். நானும் குடும்பத்தோடுதான் வந்திருக்கிறேன் என்றார் அவர். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். அதன் பிறகு சிரிக்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை.

அம்மா வேலைக்குப் போய், நான் தனியாக இருக்கிற பகலில் தட்டல் வந்தால் என்ன செய்வது? அப்பா முதலில் வராந்தாவில் நிற்காதே என்றார். பிறகு வராந்தாப் பக்கத்து ஜன்னலைத் திறக்காதே என்றார். கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன், அது நின்றது. அந்தப் படியில் ஒரு வயசுப் பெண் ஏறி இறங்கினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்பது அவர் கேள்வி. லாட்ஜ் படியில் ஏறுகிற பெண்ணைப் பற்றி எங்கள் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் தட்டுவது நிற்கவில்லை. பிறகு ஒரு நாள் அவருக்கு ஒரு வழி தோன்றியது. லாட்ஜ் கதவு என்பதால் வெளியே கனமான தாழ்ப்பாள் இருந்தது. காலையில் ஷெட்டுக்குக் கிளம்பும்போது என்னை உள்ளே விட்டு, வெளியே பூட்டுப் போட்டார். பூட்டைப் பார்த்தால் ஆள் இல்லை என்று போய்விடுவார்கள் அல்லவா? போய்விட்டார்கள். அப்பாவுக்கு அதில் பெரிய திருப்தி.

தீப்பிடித்தால் என்ன செய்வாள் என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். பகலில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம் என்று அப்பா சொன்னார். அன்றிலிருந்து மத்தியானத்துக்கு ஆறிப்போன சோறு. படியில் காலடிச் சத்தம் கேட்டால் ஃபேனை நிறுத்த வேண்டும், ஏனென்றால் பூட்டிய வீட்டில் ஃபேன் ஓடாது. டி.வி. கிடையாது. தண்ணீரைக்கூடச் சத்தமில்லாமல் மொண்டு குடிக்கப் பழகினேன். பின்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் பாத்திரக் கடைக்காரர் அடுக்கி வைத்த அண்டாக்களும், அதற்குப் பின்னால் ஒரு சுவரும் தெரியும். வெயில் எந்த அண்டா வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்த்து நேரம் சொல்லுவேன். கோயில் மணி கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும், கீழே வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள் கத்துவது கேட்கும். கூப்பிட்டால் வருவாள். ஆனால் நான் இல்லாத வீட்டிலிருந்து எப்படிக் கூப்பிடுவது?

ஒரு மத்தியானம் யாரோ ஒருவன் வந்தான். பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். போகவில்லை. எங்கள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான். நான் உள்பக்கம் கதவை ஒட்டி நின்றிருந்தேன், நகர்ந்தால் கொலுசுச் சத்தம் கேட்கும். கதவுக்கு அடியில் பீடிப் புகை வந்தது. இருமல் வந்தது எனக்கு. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். யாரிடமோ செல்போனில், இங்கே எல்லாம் பூட்டிக் கிடக்கிறது, ஒரு ஈ காக்கா இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் எழுந்து போன பிறகு நான் கொலுசைக் கழற்றி டப்பாவில் போட்டேன். எனக்குப் பயம் போய் அழுகைதான் வந்தது. நான் அங்கே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக நான் அங்கே இருந்தேன்.

இப்படி இருந்தபோதுதான் நல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அப்பா இல்லாதவர், அம்மாவும், குடும்பத்துக்குப் பெரியவராக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பெரியப்பாவும்தான். வீட்டில் வைத்துப் பெண்ணைக் காட்ட அப்பாவுக்குத் துணிச்சல் இல்லை. பெரிய கோயிலில் வைத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளையோடு தனியாகப் பேசக் கொஞ்ச நேரம் கிடைத்தது. பி.எட். படிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "காலையில எட்டு மணி பஸ்ஸு புடிச்சா டவுனுக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துடலாமே" என்றார். அவர் முகம் எப்படி இருந்தது என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. போயிட்டு வந்துடலாம் என்றாரே, அது போதும். தினமும் ஒரு பஸ், ஜன்னலோரம், போவது, வருவது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவர்களுக்கும் பிடித்துவிட்டது. இனி வீட்டுக்கு வந்து கை நனைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் கை நனைப்பது என்றால், வந்து இலை போட்டுச் சாப்பிடுவது. சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பிடிக்காத இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. சம்பந்தி சாப்பிடுகிற சாப்பாட்டை அந்த இடத்திலா சமைப்பது? மறுபடி ஹாலில் ஸ்டவ்வை வைக்கலாம் என்றாள். வருகிறவர்கள் உட்காருவதே ஹாலில்தான் என்று நான் நினைவுபடுத்தினேன். முந்தின நாள் முழுக்க மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்தாள். அப்பாவின் கவலை வேறு. போர்டு கண்ணில் படக் கூடாது. பஸ் ஸ்டாண்டிலேயே போய் நின்று, அவர்களைச் சந்து வழியாக நடத்திக் கூட்டிவந்து, கட்டடத்தின் பின்பக்கத்துப் படியில் ஏற்றினார்.

நான் புடவையில் சமையலறையில் நின்றிருந்தேன். பின்படியில் அவர்கள் ஏறி வருவது கேட்டது. "மேல வந்ததும் ஒரு படி ஒசரமா இருக்கும், பாத்து வாங்க" என்று ஓர் ஆண் குரல் சொன்னது. அப்பாவின் குரல் இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா, பெரியப்பா, பெரியம்மா மூவரும் வந்திருந்தார்கள். பெரியப்பா வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பேச்சில் நிதானம். பெண்ணை வளர்த்த விதத்தைப் பற்றி அப்பாவிடம் நாலு நல்ல வார்த்தை சொன்னார். இந்தக் காலத்தில் பெண் பிள்ளைகள் ஊர் சுற்றுகிறார்கள், உங்கள் பெண் வெளியே தலை காட்டுவதில்லை என்று கேள்விப்பட்டோம் என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே நின்ற எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இலை போட்டாயிற்று. சாப்பிடக் கை கழுவ வேண்டும் என்று பெரியப்பா எழுந்தார். அப்பா வலது பக்கம் கையைக் காட்டிக்கொண்டு முன்னால் போனார். பெரியப்பா அவரைக் கவனிக்கவில்லை. துண்டைச் சரிசெய்துகொண்டே நேரே இடது பக்கம் வந்து, திரைச்சீலையை ஒதுக்கி, சமையலறைக்குள் காலை வைத்தார். வைத்ததோடு சுவரில் குழாய் இருந்த இடத்துக்குக் கையும் நீட்டிவிட்டார். அங்கே அம்மா சாம்பார்ப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள்.

"பாத்ரூமு இங்கதான இருந்துது" என்றார்.

வேண்டுமென்றே சொல்லவில்லை, பாவம். பழகின வீட்டில் விளக்கு சுவிட்சைத் தேடுகிற மாதிரி அவர் கால் தானாக வந்துவிட்டது, வாயும் தானாகப் பேசிவிட்டது. அம்மா தரையைப் பார்த்தாள். அவள் இத்தனை நாள் மூடி வைத்தது ஒரே வார்த்தையில் வெளியே வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஹாலிலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்கும் வரை.

"நீங்க எப்ப இங்க வந்து தங்கனீங்க?"

குரலை உயர்த்தாமல் கேட்ட கேள்வி. பெரியப்பா திரும்பி, எப்போதோ பத்திர ஆபீஸ் வேலையாக வந்ததாகவும், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டதாகவும் சொன்னார். பெரியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல், "பஸ்ஸ வுட்டவருக்குப் பின்னால படி எப்பிடி இருக்குதுன்னு எதுக்குத் தெரியணும்?" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அவர்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம்தான். இந்த ஊரில் ரூம் எடுத்துத் தங்க அவருக்கு என்ன அவசியம் என்பதை அந்த ஹாலில் இருந்த எல்லாரும் ஒரே சமயத்தில் யோசித்தோம். நான் திரைச்சீலை இடுக்கில் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு இது புதுச் செய்தி மாதிரித் தெரியவில்லை. பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த ஒன்று, யாரோ ஒருத்தர் வீட்டில், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கிடைத்துவிட்டது.

எனக்குப் பசியில்லை என்று அவள் இலையை விட்டு எழுந்தாள். ஒருத்தர் எழுந்த பிறகு மற்றவர் எப்படி உட்காருவது? மாப்பிள்ளையின் அம்மா, கூட்டு வாசனை நன்றாக இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறோம் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் இறங்கிப் போனார். யாரும் கை நனைக்கவில்லை. அம்மா அந்தச் சாப்பாட்டை அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தாள், நாங்கள் சாப்பிடவில்லை.

ஒரு வாரத்துக்குள் தகவல் வந்தது. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம். எங்கள் அப்பா லேசில் விடுகிறவர் இல்லை, சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரைத் தேடிப் போய்க் குடைந்தார். அவர் மென்று விழுங்கிச் சொன்னதாவது: மாப்பிள்ளைக்குச் சம்மதம்தான், அவர் அம்மாவுக்கும் சம்மதம்தான், குடும்பத்துப் பெரியவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. லாட்ஜில் குடியிருக்கிற பெண் நம் குடும்பத்துக்கு வேண்டாம், அந்த இடம் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும் என்று அவர் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த இடம் எப்படிப்பட்டது என்று அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? இப்போது எழுதும்போதும் அந்த எரிச்சல் அப்படியே இருக்கிறது.

எனக்கு இருந்த ஒரே வழி அதோடு மூடிக்கொண்டது. எட்டு மணி பஸ் என்னை ஏற்றாமல் போய்விட்டது. வீட்டை மாற்றலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். லாட்ஜில் இருந்தவர்கள் என்று தெரிந்தால் வேறு யார் வீடு கொடுப்பார்கள் என்று அப்பா கேட்டார். பின்பக்கத்து ஜன்னலையும் சாத்தி வைப்பது நல்லது என்றார். அங்கே அண்டாக்கள்தான் இருக்கின்றன என்று சொன்னேன். அண்டா எடுக்க ஆள் வருவான் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். அப்பாவிடம் அப்படி நான் பேசினதே இல்லை.

"இங்க வந்து தங்கனது அவரு. வூட்டோட கெடந்தது நானு. பூட்டு மட்டும் எனக்கு எதுக்குப்பா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்தவள் அப்படியே நின்றாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"அவர நான் எப்பிடிம்மா பூட்டறது? என்னால உன்னத்தான பூட்ட முடியுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். மறுநாள் காலையில் ஷெட்டுக்குக் கிளம்பும்போது, போயிட்டு வரேம்மா என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டினார்.